இரும்பு ஊற்றும்போது பார்த்தவள்

மணி அடித்தால் நாங்கள் பதினொரு பெண்களும் ஷெட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். பின்பக்கச் சுவரோரம் வரிசையாக நின்று, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, உள்ளே இரும்பு ஊற்றி முடித்ததாக இரண்டாவது மணி கேட்கும்வரை திரும்பக் கூடாது. பெண் பார்த்தால் வார்ப்பு வெடிக்கும். எங்கள் பவுண்டரியில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை, மேஸ்திரி மகள் இருந்தாள்.

விதியைப் போட்டது ஆண்கள். காவல் காத்தது அவள். யார் கழுத்து எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை திரும்பியது என்று, தன் முகத்தைத் திருப்பாமலே சொல்லிவிடுவாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லேசாக எட்டிப் பார்க்கப் போனேன். பிடித்துக் காதைத் திருகிவிட்டாள். கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பெற்றவளின் காதை.

"உன் ரெண்டு கண்ணால ஒருத்தன் கால் போயிடும். தெரியுமா உனக்கு?"

நான் நம்பினேன். நம்பினேன் என்றால் யோசிக்கவில்லை என்று அர்த்தம். வேலை வேண்டும், வீட்டு வாடகை கொடுக்க வேண்டும், சுவரைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன வந்தது?

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பதினாலு வருஷம் ஒரே மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எங்கள் வேலை கோர் செய்வது. பம்புக்குள்ளே தண்ணீர் ஓட ஒரு வெற்றிடம் வேண்டும் அல்லவா, அந்த வெற்றிடத்தின் வடிவத்திலேயே மணலை எண்ணெய் விட்டுப் பிசைந்து, பெட்டியில் அடைத்து, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தால் அதற்குப் பெயர் கோர். ஈரமணலில் செய்த அச்சுக்கு நடுவே அதை வைத்து மூடிவிடுவார்கள். ஊற்றுகிற இரும்பு அதைச் சுற்றிப் பாயும். ஆறிய பிறகு மணலைத் தட்டி உதிர்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம் தயார். அக்கா சுட்ட கோரை விரலால் தட்டினால் ணங்கென்று சத்தம் வரும். நான் சுட்டது அப்படி வராது. இதை அவள் தினம் ஒரு தடவை சொல்லிக் காட்டுவாள்.

அவளுடைய அப்பா அந்த ஷெட்டில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். பத்தொன்பது வயதில் மகளைக் கூட்டிவந்து மேசை முன்னால் நிறுத்தினார். வேலையைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விதிகளைச் சொன்னார். உலை பற்றவைத்த பிறகு பெண் கால் அச்சுத் தரையில் படக் கூடாது. இரும்பு ஊற்றும்போது பெண் கண் அதன்மேல் படக் கூடாது. அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், அவரிடம் தொழில் கற்ற மீசைக்கார மேஸ்திரி விதிகளை அப்படியே வைத்துக்கொண்டார். அக்கா கோர்ப் பிரிவுக்குப் பொறுப்பாளி ஆனாள். அதனால் விதி இன்னும் இறுகியது.

இப்படி இருந்தபோது புதுசு வந்து சேர்ந்தாள். வந்த அன்று வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அம்மா, ஒரு கைக்குழந்தை, மூன்று பேருக்கும் சேர்த்து இவள் சம்பளம் ஒன்றுதான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். கை மட்டும் சுறுசுறு.

அவள் சேர்ந்து ஒரு மாதம் ஆன சமயம், ஒருநாள் கரண்ட் போய்ப் போய் வந்தது, உலைக்குக் காற்று ஊதும் காற்றாடி நின்று நின்று ஓடியது. இரண்டு மணிக்கு ஊற்ற வேண்டிய இரும்பு நாலரை மணிக்குத்தான் உருகியது. அன்றைக்குப் பெரிய பம்பு உடல், ஒரே வார்ப்பு, அவசர ஆர்டர். மணி அடித்தது, வெளியே போனோம். புதுசுக்குச் சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. மேசைக்கடியில் விட்டுவிட்டாளாம். சத்தமில்லாமல் உள்ளே போனாள். டப்பாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை மீசைக்காரர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் அச்சை உடைத்து எடுத்தால், பம்பு உடல் முழுக்க ஓட்டை. ஒரு பக்கம் விரிசலும் விட்டிருந்தது. மீசைக்காரர் ஒரே குதியாகக் குதித்தார். மேனேஜர் நல்ல மனிதர், அதாவது யார் கடைசியாகக் கத்தினார்களோ அவர்கள் பக்கம் பேசுகிறவர். புதுசை வேலையை விட்டு நிறுத்துவதாக ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தார். பிரிவுப் பொறுப்பாளி கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

புதுசு அழவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பேனாவை வாங்கினாள். எனக்குத் தெரியும், போட்டுவிடுவாள். அவளைவிட அந்த விதியை நம்பியவர் அந்த ஷெட்டில் கிடையாது. ஆனால் தொழில் பழக்கம் ஒன்று உண்டே. எந்த வார்ப்பு உடைந்தாலும் கோர் இருந்த இடம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குப் பார்த்தாக வேண்டும். பேனாவோடு நடந்துபோய் உடைந்த துண்டு ஒன்றைத் தூக்கினாள். திருப்பினாள். வெளிப்புறத்தைத் தடவினாள். உள்புறத்தைத் தடவினாள். மறுபடி வெளிப்புறத்தைத் தடவினாள்.

"மேஸ்திரி, வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கு. ஓட்டை எல்லாம் உள்ளே, கோரைச் சுத்தி இருக்கு."

"அதனால என்ன?"

"இவ வெளியிலிருந்துதானே பார்த்தா? கண்ணு பட்டா வெளியிலதானே படணும்? உள்ளே எப்படிப் போச்சு?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒரு வாரம் கொடுங்க சார்" என்றாள். மேனேஜர் கொடுத்தார். யாரும் கத்தவில்லையே.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாட்டை எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். சரியாகச் சாப்பிடவில்லை. என் கோரைக் குறை சொல்லக்கூட மறந்துபோனாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு பெட்டியில் ஈரமணலைப் போட்டு, நன்றாகச் சுட்ட ஒரு கோரை அதற்குள் புதைத்து மேசைக்கடியில் வைத்தாள். இன்னொரு கோரை அடுப்பு மேலேயே விட்டாள். சாயங்காலம் இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"தட்டு."

அடுப்பு மேல் இருந்தது ணங்கென்றது. மணலில் கிடந்ததில் என் கட்டைவிரல் நகம் இறங்கியது.

"கொதிக்கிற எண்ணெயில தண்ணி விழுந்தா என்னாகும்?" என்றாள்.

"தெறிக்கும்."

"எண்ணெய்க்கே அப்படின்னா இரும்புக்கு?"

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. உலை பற்றவைத்த பிறகு பெண் கால் தரையில் படக் கூடாது. கோர் வைப்பது பொம்பளை வேலை, ஆண் கை வைக்க மாட்டான். ஆகவே காலையில் பத்து மணிக்கே, உலை பற்றவைப்பதற்கு முன்னால், நாங்கள் கோரை அச்சில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். இரும்பு வருவது இரண்டு மணிக்கு. நாலு மணி நேரம் கோர் ஈரமணலில் கிடந்து தண்ணீர் குடிக்கிறது. சின்ன வார்ப்பு எப்படியோ தப்பித்துவிடும், பெரியது பத்துக்கு மூன்று போகும். உலை தாமதமான நாளில் கேட்கவே வேண்டாம். அப்படித் தாமதமான நாளில்தான் பெண்களும் பொழுது போகாமல் அங்கே இங்கே நடப்பார்கள், எவளாவது ஒருத்தி மேஸ்திரி கண்ணில் படுவாள். எங்கள் கண்ணால் வெடிக்கவில்லை. எங்கள் கால் படக் கூடாது என்று வைத்த விதியால் வெடித்துக்கொண்டிருந்தது.

நான் வாயைப் பிளந்தேன். பெருமையாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு பயமா இருக்குடி" என்றாள். "இது நெசம்னா, எங்கம்மா?"

அப்போதுதான் அந்தக் கதையை முழுதாகச் சொன்னாள். அவள் சின்னவளாக இருந்தபோது, அவளுடைய அம்மா ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு ஷெட்டுக்குப் போனாளாம். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அச்சு வெடித்து, இரும்பு தெறித்து, அப்பாவின் இடது பாதம் வெந்துபோனது. விதி பிறந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், பல்பு போனாலும், "உன் கண்ணு" என்பார் அப்பா. பாதி வேடிக்கையாகத்தான் சொல்வார். அம்மா மீதிப் பாதியை எடுத்துக்கொண்டாள். யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவாளாம். தூக்கு என்று கொடுத்தாலும் தொட மாட்டாளாம். அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போனாள். ஜன்னலோரக் கட்டில், மருந்துப் பெட்டி, ரேடியோ. பெரியவர் என்னை "வாம்மா" என்று உட்காரச் சொன்னார். தொழில் பேச்சு என்றதும் முகம் மலர்ந்தது.

"அப்பா, உங்க கால் வெந்த அன்னைக்கு உலை எத்தனை மணிக்கு உருகுச்சு?"

"அதை ஏன் கேக்குற, அன்னைக்கு உலைக் காத்தாடி ரிப்பேர். காலையில உருக வேண்டியது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் ஆச்சு." ஞாபகசக்தியில் அவருக்குப் பெருமை அதிகம்.

"கோரை எப்ப வெச்சீங்க?"

"கோரா? காலையில ஏழு மணிக்கெல்லாம் வெச்சு..."

அங்கே நின்றுவிட்டார். தொழில் தெரிந்தவர். பத்து மணி நேரம் ஈரத்தில் கிடந்த கோர் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கடைசியில் கோபம் வந்தது, அதுதான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது போலும்.

"என் கால் வெந்தது உனக்கு விளையாட்டாப் போச்சா? இத்தனை வருஷம் கழிச்சு என்னையே கேள்வி கேக்க வந்துட்டியா?"

"உங்க கால் வெந்தது நெசம்ப்பா. அதை நான் இல்லன்னு சொல்லல. அம்மா செஞ்சது இல்லைன்னு சொல்றேன்."

"வெளியே போ."

"போறேன். ஆனா இதை இனிமே நான் சொல்லாம இருக்க மாட்டேன்."

தெருமுனைவரை விறுவிறுவென்று நடந்தாள். அங்கே பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துத் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள். "எத்தனை பேரு காதைத் திருகியிருக்கேன்" என்றாள். அவளுடைய கோபத்தில் பாதி அவள்மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் மேசைமேல் அந்தத் தாளை விரித்து வைத்தாள். கையெழுத்து இல்லை.

"நாளைக்கும் பெரிய பம்பு இருக்கு சார். கோரை நான் இரும்பு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வெப்பேன். வெச்சிட்டு அங்கேயே நிப்பேன். நின்னு பார்ப்பேன்."

மீசைக்காரர் எகிறினார். "உங்கப்பா இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

"எங்கப்பா உசிரோடதான் இருக்காரு. போய்க் கேட்டுட்டு வாங்க."

"வெடிச்சா யாரு பொறுப்பு?"

அக்கா பேனாவை எடுத்து, தாளில் புதுசின் பெயர் இருந்த இடத்தை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். "நல்லா வரலைன்னா இதுல கையெழுத்து போட்டுட்டு நானே போயிடுறேன்."

இருபத்து மூன்று வருஷ வேலை. புருஷன் வண்டி ஓட்டுகிறான், முதுகு வலியால் பாதி நாள் வீட்டில். மகள் காலேஜில் படிக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டேன். "இது என் வேலைதான்" என்றாள்.

அடுத்த நாள் உலை பற்றவைத்த பிறகு ஒரு பெண் அச்சுத் தரையில் கால் வைத்தாள். இரண்டு ஆட்கள் லேடிலைத் தொட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். லேடில் என்பது உருகிய இரும்பைச் சுமக்கும் பெரிய வாளி. அவர்களுக்குப் பதிலாக மீசைக்காரரே ஒரு பக்கம் பிடித்தார், அவள் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசையில். அக்கா கோரை அடுப்பிலிருந்து சூடாகவே தூக்கிவந்து அச்சில் இறக்கினாள். மேல் அச்சை மூடினார்கள். மணி அடித்தது. மற்றவர்கள் வெளியே போனார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் புதுசும் நின்றாள்.

லேடில் சாய்ந்தது. அக்கா கண்ணை மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை, சிமிட்டக்கூட இல்லை. முகமெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம். இரும்பு பால் மாதிரி சத்தமில்லாமல் இறங்கிப் போனது. நான் என்னவோ பூதம் என்று நினைத்திருந்தேன். முடிந்ததும் எங்களிடம் வந்தாள்.

"இதுக்கா இத்தனை வருஷம் சுவத்தைப் பார்த்து நின்னோம்?"

காலையில் அச்சை உடைத்தார்கள். பம்பு உடலில் ஒரு ஓட்டை இல்லை. மீசைக்காரர் விளக்கு வைத்து உள்ளே எல்லாம் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார். மேனேஜர் தாளைக் கிழித்தார். இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் அச்சுத் தரையில் உலைக்கு எதிரே ஒரு நாற்காலி கிடந்தது. மீசைக்காரரே துடைத்து வைத்திருந்தார்.

"உங்களுக்கு ராசியான கண்ணும்மா. இனிமே நீங்க வந்து உக்காந்தாதான் ஊத்துவோம். மேஸ்திரி ரத்தமாச்சே." பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க எல்லாம் வழக்கம்போல வெளியே போங்க" என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் இல்லை, நாலு நாள் உட்கார்ந்தாள். டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். லேடில் தூக்கும் ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது, நான் பொய் சொல்லப் போவதில்லை. நாங்கள் பத்துப் பேரும் வெளியே நின்றோம். ஐந்தாம் நாள் காலையில் மேசையில் நான் பேசவே இல்லை.

"என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எங்க கண்ணு இன்னும் கெட்ட கண்ணுதானேன்னு யோசிச்சேன்."

அவள் கோரைத் தேய்த்துக்கொண்டிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் கையிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மீசைக்காரரிடம் போனாள்.

"நாளைக்கு நான் லீவு. கோரை புதுசு வெப்பா. அவளே நின்னு பார்ப்பா."

"நீங்க இல்லாம ஊத்த மாட்டோம்."

"ஊத்தாதீங்க. இரும்பு உலைக்குள்ளேயே இறுகிப் போகும், நீங்க உளியை வெச்சு செதுக்கி எடுங்க." நாற்காலியைத் தூக்கி ஆபீஸ் அறையில் போட்டாள். "எனக்கு ராசி இல்ல மேஸ்திரி. கோர் காஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

லீவு போட்டுவிட்டாள். மகளோடு கடைத்தெருவுக்குப் போனாளாம். இங்கே உலை உருகிவிட்டது, உருகிய இரும்பு யாருக்கும் காத்திருக்காது. மீசைக்காரர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் புதுசைப் பார்த்து, "வைம்மா" என்றார். அவள் கோரை நேராக இறக்கி வைத்தாள். வார்ப்பு நன்றாக வந்தது. இவளுக்கும் ராசி போல என்று மீசைக்காரர் ஆரம்பித்தார். அக்கா வந்து ஒவ்வொரு நாளும் ஒருத்தியை நிறுத்தினாள். என் முறை ஏழாவது. அதிலேயும் நன்றாக வந்தது. பதினொரு பேருக்கும் ராசி என்று சொல்ல அவருக்கே கூச்சமாகிவிட்டது. மணி அடிப்பது தானாக நின்றுபோயிற்று.

பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா வாரம் ஒருமுறை போகிறாள், மருந்து கொடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது "அம்மா செய்யல" என்று சொல்லிவிட்டு வருகிறாள். முன்பெல்லாம் வெளியே போ என்பார். இப்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாராம்.

அதற்கப்புறம் எல்லாம் பத்துக்குப் பத்து நன்றாக வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. மூன்று மாதம் கழித்து ஒரு பெரிய வார்ப்பு போயிற்று. கோர் வைத்தது அக்கா, நின்று பார்த்தது அக்கா. அச்சை உடைத்ததும் ஓட்டைகள் தெரிந்தன. மீசைக்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். லேடில் ஆட்களும் பார்த்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? ஓட்டையைப் பாருங்க."

யாரும் நகரவில்லை. அவளும் நகரவில்லை. கடைசியில் மீசைக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஓட்டைகள் இந்த முறை வெளிப்பக்கம் இருந்தன. விரலை விட்டுப் பார்த்தார். உடைந்த அச்சின் வெளி ஓரத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தார். உள்ளங்கை நனைந்திருந்தது.

"தண்ணி ஜாஸ்தி" என்றார். "நான்தான் கலந்தேன்."